கழுகு தூக்கிப்போன மூக்குக்கண்ணாடி

முப்பத்தோரு வருஷம் நான் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தேன். அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்த்து, ரிப்பேர் செய்யலாமா, இல்லை ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதிக் கதையை முடித்துவிடலாமா என்று சொல்கிற வேலை. கிட்டத்தட்ட டாக்டர் வேலைதான். என் நோயாளிகள் பொய் சொல்ல மாட்டார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். நாலாயிரத்துச் சொச்சம் கார்கள், இரண்டு படகுகள், ஒரு ரோடு ரோலர், இவ்வளவுக்கும் என் கையால் இறப்புச் சான்றிதழ் எழுதியிருக்கிறேன். ரோடு ரோலர் மீது ஒரு சைக்கிள் மோதியிருந்தது. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த மாதிரி நான் ஏதாவது சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. மாப்பிள்ளை ஒரு கணக்கே வைத்திருந்தார். நான் பத்து என்று சொன்னால் நடந்தது ஒன்று. மூன்று என்று சொன்னால் எதுவுமே நடக்கவில்லை. இதற்கு ‘மாமா மீட்டர்’ என்று பெயர். அப்படிப்பட்ட குடும்பத்தில், எழுபத்தோராவது வயதில், ஒரு உண்மையைச் சொல்லியே ஆகவேண்டிய இக்கட்டு எனக்கு வந்து சேர்ந்தது.

என் மகள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், படுத்துக் கிடப்பவர்களை எழுப்பி நடக்க வைப்பவள். மடக்குக் கட்டில் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போவாள். ஊரார் முதுகையெல்லாம் நிமிர்த்தி நிமிர்த்தித் தன் முதுகைக் கோணலாக்கிக்கொண்டாள். "இன்னும் ஒரு வருஷம் இப்படியே தூக்கினேன்னா, நானே என்கிட்ட பேஷண்ட்டா வரணும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு டிரைவிங் படிக்கப் போனாள். ஐந்தாவது தடவை லைசென்ஸ் கிடைத்தது. நாலாவது தடவை டெஸ்ட் எடுத்த அதிகாரி பாதி வழியில் இறங்கிப் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு ஒரு கார் பார்த்தாள். பழைய கார்தான், வெள்ளி நிறம். ஞாயிற்றுக்கிழமை காலை கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

"அப்பாவையும் கூட்டிட்டுப் போலாம்டி" என்றாள் என் மனைவி. "வாயைத் திறந்தா பொய்தான். ஆனா வண்டியைப் பாக்கத் தெரியும்."

"வாயைத் திறக்காம பாப்பாரா?" என்று கேட்டாள் மகள்.

நான்கு பேரும் போனோம்.

கார் வியாபாரிக்கு நான் பார்த்த உடனேயே ‘பளபளா’ என்று பெயர் வைத்துவிட்டேன். அவருடைய தலை, செருப்பு, வரிசையாக நிற்கும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாலிஷ்தான் போட்டிருக்க வேண்டும். தகரக் கூரை, ஜல்லி பரப்பிய தரை, பிளாஸ்டிக் பூச்சாடி வைத்த மேஜை. ஓரத்தில் ஒரு மெக்கானிக் குந்தியிருந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பேசுவதற்குக் காசு வாங்குவார்போல, அப்படி ஒரு மௌனம்.

மகள் நேராகப் போய் காரின் டிக்கியைத் திறந்தாள். மடக்குக் கட்டிலை உள்ளே தள்ளினாள். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்துவிட்டது. இனி மாப்பிள்ளைக்குக் கால் ஊனம் என்று சொன்னாலும் காதில் ஏறாது.

சொந்த மாப்பிள்ளையோ போனை நீட்டினார். "பாருங்க மாமா. நம்பரைப் போட்டா ஜாதகமே வந்துடுது. விபத்து, டோட்டல் லாஸ், எந்தப் பதிவும் இல்ல. பச்சை டிக்."

"பச்சை டிக்!" என்று பளபளாவும் சொன்னார், தானே பச்சை குத்திவிட்டதுபோல.

நான் பையிலிருந்து என் கருவியை எடுத்தேன். எங்கள் வீட்டு பிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் காந்தக் கிளி. தகரத்தில் ஒட்டும், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியில் ஒட்டாது. பட்டி அப்பிய இடத்தில்தான் பழைய காயம் இருக்கும். பானெட்டில் வைத்தேன், ஒட்டியது. வலது பக்கம் முழுக்க ஒட்டியது. இடது முன்தூணில் வைத்தேன். கிளி தொப்பென்று கீழே விழுந்தது.

"கிளிக்கு வயசாயிடுச்சுங்க ஐயா" என்றார் பளபளா.

"எனக்குந்தான் வயசாச்சு. நான் விழுந்தேனா?"

"சின்னக் கீறல் ஒண்ணு இருந்துச்சு, லேசா டச்சப் பண்ணோம். பழைய வண்டின்னா அதெல்லாம் சகஜந்தானே."

முன்கண்ணாடியின் மூலையில் அது செய்த வருஷம் பொறித்திருக்கும். பார்த்தேன். காருக்குப் பிறந்த வருஷம் ஒன்று, கண்ணாடிக்கு அதற்கு அடுத்தது. கல் பட்டு மாற்றியதாம். சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு ஒருதரம் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை.

"எரியலைன்னா கோளாறு இல்லைன்னு அர்த்தம் சார்."

"நாடி துடிக்கலைன்னா காய்ச்சல் இல்லைன்னு அர்த்தமா?"

"மாமா" என்று மாப்பிள்ளை என் தோளைத் தொட்டார். "நீங்க ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. இப்ப எல்லாம் ஆன்லைன்ல இருக்கு."

பளபளா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தங்கச்சி, அவசரப்படுத்துறேன்னு நினைக்காதீங்க. பதினொரு மணிக்கு இன்னொரு பார்ட்டி வராங்க. அவங்களுக்கு வண்டி ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

மகள் பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். நான் மனைவியின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிக்கொண்டு, டிரைவர் சீட்டுக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கி, சேஸிஸ் நம்பரைப் படித்தேன். கடைசி நாலு எண்கள்: எட்டு, மூன்று, எட்டு, மூன்று.

என் பிடரி மயிர் எழுந்து நின்றது. எனக்குப் பிடரியில் மட்டும்தான் மயிர் இருக்கிறது. அது முழுவதும் நின்றது.

மெதுவாக எழுந்து டிரைவர் பக்கத்துக் கதவைச் சாத்தினேன். ‘டொப்’ என்றது. அதன் பின்னாலேயே, கதவின் வயிற்றுக்குள்ளிருந்து, ‘கிளுக்’ என்றது. திறந்து மறுபடி சாத்தினேன். டொப். கிளுக்.

"கண்ணு, பேனாவைக் கீழ வை" என்றேன். "இது டோட்டல் லாஸ் வண்டி. எழுதினவன் நான்தான்."

மகள் என்னைப் பார்க்காமல் தன் அம்மாவைப் பார்த்தாள். "நான் சொன்னேன்ல?"

"இன்னைக்கு மீட்டர் எகிறிடுச்சு" என்றார் மாப்பிள்ளை.

பளபளா வயிறு குலுங்கச் சிரித்தார். "ஐயா நல்லா தமாஷ் பண்றாரு."

இப்போது என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதை நிரூபிக்க என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் போனால், நான் ஆறு வருஷமாக வளர்த்த கழுகு செத்துப்போகும்.

கழுகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்த காலத்தில் நசுங்கிய கார்களுக்குள் தலையை விட்டு விட்டு நான் பதினோரு மூக்குக்கண்ணாடிகளைத் தொலைத்திருந்தேன். பன்னிரண்டாவதை வாங்கிக் கொடுத்தபோது என் மனைவி சொன்னாள்: "இதையும் தொலைச்சீங்கன்னா, மாட்டுக்குக் கட்டுற மாதிரி கழுத்துல கயித்தைக் கட்டித்தான் வெளிய அனுப்புவேன்." கடைசி மாதம் அதையும் தொலைத்தேன். வெறும் மூக்கோடு வீட்டுக்குப் போய், "ஒரு கழுகு தூக்கிட்டுப் போயிடுச்சு" என்றேன். பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கதை நன்றாக இருந்தது. அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தி முடிந்ததும் சொந்தக்காரர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து அதைத்தான் கேட்பார்கள். கழுகு வளர்ந்தது. கூடு கட்டியது. என் கண்ணாடியை மாட்டிக்கொண்ட பிறகு மூன்று ஊர் தள்ளி ஓடும் எலியின் மீசையைக்கூட அதனால் எண்ண முடிந்தது. என் வாழ்க்கையிலேயே அழகான பொய் அது.

மகளின் கோணல் தோளைப் பார்த்தேன். விளக்கு எரியாத டேஷ்போர்டைப் பார்த்தேன். கழுகை விட்டுவிடத் தீர்மானித்தேன்.

"இங்க பாரு" என்று மனைவியிடம் சொன்னேன். "என் கண்ணாடியைக் கழுகு தூக்கிட்டுப் போகல."

"அடக் கடவுளே" என்றாள் அவள். "அப்புறம்?"

"இந்தக் கார்தான் முழுங்கிடுச்சு. பழைய இரும்பு யார்டுல நின்னுட்டிருந்துச்சு. இடது பக்க முன்னாடி பூராவும் லாரி தின்னுட்டுது. இந்தக் கதவுல ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு போயிருந்துச்சு. நான் சாஞ்சு கிலோமீட்டரைப் படிச்சுட்டு, கண்ணாடியைச் சட்டைப் பையில சொருகினேன். நிமிர்ந்தா, சட்டைப் பையில கண்ணாடி இல்ல. ஒரு மணி நேரம் சேத்துல தேடினேன். சேத்துல இல்ல, ஜன்னல் சந்து வழியா கதவுக்குள்ள விழுந்திருக்கு. இப்பத்தான் சத்தம் கேட்டுச்சு."

"அப்ப பச்சை டிக் எப்படி மாமா வந்துச்சு?" மாப்பிள்ளை கேட்ட ஒரே நல்ல கேள்வி.

இதைச் சொல்வதற்குக் கழுகைக் கொல்வதைவிட அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது. "கண்ணாடி இல்லாமயே நம்பரை எழுதி அனுப்பிட்டேன் மாப்பிள்ளை. மூணெல்லாம் எனக்கு எட்டாத் தெரிஞ்சுது. எட்டு, எட்டு, எட்டு, எட்டுன்னு எழுதிட்டேன். அடுத்த வாரம் ஒரு ஸ்கூல் வேன்காரர் ஆபீஸுக்கு வந்து நிக்குறார். ‘என் வேன் செத்துப் போச்சுன்னு பதிவேட்டுல ஏத்திட்டீங்களே, வாசல்ல நிக்குது, வேணா ஹாரன் அடிச்சுக் காட்டட்டுமா’ன்னு. வேன் பேர்ல இருந்த பதிவை எடுத்தாங்க. பாலிசியில பாத்தா எட்டு, மூணு, எட்டு, மூணு; அதைத் திருத்தி அனுப்பச் சொல்லி எனக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. ரிட்டயர் ஆக நாலு நாள் இருந்துச்சு. வெக்கமா இருந்துச்சு. டிராயர் அடியில சொருகிட்டு வந்துட்டேன்."

என் மனைவி என்னை விநோதமாகப் பார்த்தாள். நான் ஒரு கதையில் தோற்றுப்போகிறவனாக வருவதை அவள் அதுவரை கேட்டதில்லை.

"ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேளுங்க" என்றார் பளபளா. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"வேணாம். இந்தக் கதவைக் கழட்டுவோம்" என்றேன். "உள்ள என் கண்ணாடி இல்லேன்னா, கழட்டினதை நானே மாட்டித் தரேன். அது மட்டுமில்ல, இனிமே சாகுற வரைக்கும் ஒரு கதைகூடச் சொல்ல மாட்டேன்."

என் குடும்பம் அவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"எழுதிக் குடுங்க மாமா!" என்றார் மாப்பிள்ளை.

"கல்யாண வீட்லயும் சொல்லக் கூடாது" என்றாள் மனைவி.

மகள் பேனாவை வைத்துவிட்டு மெக்கானிக்கைப் பார்த்து, "அண்ணா, ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுங்களேன்" என்றாள்.

பளபளா கையைக் காலை ஆட்டினார். கிளிப் உடையும் என்றார், பார்ட்டி வரும் என்றார். "வரட்டுமே, அவங்களும் பாக்கட்டும்" என்று மகள் சொல்லிவிட்டாள். அவள் குரல் மாறியிருந்தது. படுத்துக் கிடப்பவர்களை ‘எழுந்திரிங்க’ என்று சொல்கிற குரல் அது. அந்தக் குரலுக்கு எழுந்திராதவர்கள் கிடையாது. மெக்கானிக்கும் எழுந்து வந்தார்.

நாலு ஸ்க்ரூ, ஒன்பது கிளிப். உள்பலகை கழன்று வந்தது. மெக்கானிக் கதவுக்குள் கையை விட்டுத் துழாவினார். முதலில் ஒரு சீப்பு வந்தது.

"சீப்பு!" என்றார் மாப்பிள்ளை. "மாமாவுக்கு எதுக்குச் சீப்பு?"

அடுத்ததாக ஒரு பென்சில் வந்தது. பிறகு வெறும் கை. என் வாழ்நாளில் மிச்சமிருக்கும் கல்யாணங்களையெல்லாம் நான் வாய் மூடி உட்கார்ந்திருப்பதாக மனதில் பார்த்தேன். பந்தியில் பாயசம் வருகிறது, எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் பாயசத்தைப் பார்க்கிறேன்.

"பூட்டுக்குக் கீழ பாருங்க" என்றேன்.

மெக்கானிக் தோள் வரைக்கும் கையை விட்டார். முகத்தைச் சுளித்தார். ‘கிளுக்’ என்று ஒரு சத்தம். கையை வெளியே எடுத்தபோது, ஆறு வருஷத் தூசி அப்பிய ஒரு மூக்குக்கண்ணாடி இரண்டு விரல்களுக்கு நடுவில் ஆடிக்கொண்டிருந்தது.

"யாரோட கண்ணாடியோ என்னமோ" என்று பளபளா ஆரம்பித்தார். "உலகத்துல ஐயா ஒருத்தர்தான் கண்ணாடி போடுறாரா?"

என் மனைவி தன் கண்ணாடியை என் மூக்கிலிருந்து பிடுங்கி மாட்டிக்கொண்டாள். மெக்கானிக்கிடமிருந்து அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். வலது காம்பில் ஸ்க்ரூ இல்லை. அதற்குப் பதில் சிவப்பு நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அவள் முடிச்சை வெயிலில் பிடித்து, நகத்தால் நெருடிப் பார்த்தாள்.

"இது என் முடிச்சு" என்றாள். "மூணு சுத்து, ரெண்டு முடிச்சு. வேற எந்தப் பொம்பளையும் இப்படிப் போட மாட்டா. இது நான் கட்டினது."

முப்பத்தோரு வருஷத்தில் என் அறிக்கை எதிலும் இவ்வளவு பலமான சாட்சி இருந்ததில்லை.

மாப்பிள்ளை போனைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பளபளாவின் தலையில் முதன்முதலாகப் பாலிஷ் மங்கியது, வியர்த்திருந்தது.

அப்போதுதான் மெக்கானிக் வாயைத் திறந்தார். "ஸ்டியரிங் மூடியையும் கழட்டிப் பாத்துடுங்க" என்றார்.

"யோவ்!" என்று கத்தினார் பளபளா.

"இல்ல ஓனரு. அந்தம்மா தினமும் ஓட்டப் போகுது." அவரே மூடியை நெம்பினார். ஏர்பேக் இருக்க வேண்டிய குழிக்குள் சுருட்டி வைத்த பழைய துண்டு ஒன்று இருந்தது. நீல நிறம், வெள்ளைக் கரை. விபத்து நடந்தால் முகம் துடைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

மகள் அந்தத் துண்டை எடுத்து நிதானமாக உதறி, நாலாக மடித்து, பளபளாவின் தோளில் போட்டாள். அப்புறம் டிக்கியிலிருந்து கட்டிலை உருவித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாங்கப்பா, போலாம்" என்றாள். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்தாலும் மாப்பிள்ளை பத்தால் வகுத்துவிடுவார்.

பதினொரு மணி ஆனது. பார்ட்டி யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை என் பழைய ஆபீஸுக்குப் போனேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்தான் இப்போது அங்கே பெரிய அதிகாரி. சேஸிஸ் நம்பரைச் சொன்னதும் கோப்பை எடுத்தாள். இன்ஜின் நம்பர், பழைய போட்டோக்கள், எல்லாம் அச்சாகப் பொருந்தின. என் டிராயர் அடியில் கிடந்த கடிதத்தையும் காட்டினாள். ஆறு வருஷமாக அதை எடுத்து வைத்திருந்தாள்.

"இதுக்கு நீங்க எப்பவாவது வருவீங்கன்னு தெரியும் சார்" என்றாள். "கண்ணாடி எங்க சார் கிடைச்சுது? கழுகு திருப்பிக் குடுத்துடுச்சா?"

அன்று மத்தியானமே பதிவு ஏறிவிட்டது. மாப்பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடி வந்தார். "மாமா! சிவப்பு! சிவப்பு வந்துடுச்சு!" லாட்டரி விழுந்தவர்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார். அன்றிலிருந்து ஒரு வாரம் மீட்டரில் பத்துக்குப் பத்து காட்டினார். பளபளாவின் மெக்கானிக் இப்போது எங்கள் தெருமுனையில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். அங்கேயும் பேசுவதில்லை, கூட்டம் அலைமோதுகிறது.

மகள் அடுத்த மாதம் வேறு கார் வாங்கினாள். சோப்பு டப்பா மாதிரி இருக்கும், நிறமும் சோப்பு நிறம்தான். காந்தக் கிளியை எங்கே வைத்தாலும் ஒட்டியது; பின்கதவில் ஒட்டியதைப் பிடுங்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து, எங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு அணைந்தது. கட்டில்தான் நாலு விரற்கடை நீளமாக இருந்தது. பின்சீட்டைச் சாய்த்துப் போட்டு அதையும் நுழைத்துவிட்டாள். என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஊர் முழுக்க இரண்டாவது கியரிலேயே சுற்றினாள். எங்களை ஒரு சைக்கிள் முந்தியது. தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க, அவள் அதற்கும் ஹாரன் அடித்து வழிவிட்டாள்.

போன மாதம் என் தம்பி மகன் கல்யாணம். பந்தி முடிந்தது. வழக்கம்போல எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். "பெரியப்பா, கழுகு!" என்றார்கள்.

நான் உண்மையைச் சொன்னேன். காந்தக் கிளி, எட்டு மூன்று எட்டு மூன்று, சீப்பு, சிவப்பு நூல், துண்டு, ஒன்று விடாமல். என் கழுத்தில் கயிற்றில் தொங்கும் அந்தக் கண்ணாடியையே தூக்கிக் காட்டினேன். முடித்தபோது ஒருவர் கொட்டாவி விட்டார்.

"ரிப்பேருக்குக் குடுத்த கதை மாதிரி இருக்கு பெரியப்பா" என்றான் ஒருவன். "எவனோ விக்கிற கார்ல உங்க கண்ணாடியே இருந்துச்சாம்! நம்புற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

"நிஜம்தான்டா" என்றாள் என் மனைவி. "நான் பக்கத்துலயே நின்னேன். என் முடிச்சு."

எல்லோரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். "பாவம், பெரியம்மாவையும் கெடுத்துட்டாரு" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

அவளுக்கு முகம் சிவந்தது. நாற்பத்து நாலு வருஷமாக உண்மையை மட்டுமே பேசிவந்த வாய் அது. என்னைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, சொல்றேன், கேளுங்க" என்றாள். "இவரு ஒரு கழுகுன்னுதான் சொல்லுவாரு. இவருக்குக் கண்ணு சரியாத் தெரியல. வந்தது ரெண்டு கழுகு."